இரண்டு தடவை அழுத்தினாள் என்றார்கள்

புது இன்ஜினியர் பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் எழுதிய ரிப்போர்ட் ஒன்றை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள் போல. அதில் 'மூல காரணம்' என்ற கட்டத்தில் இரண்டே வார்த்தை: ஆபரேட்டர் தவறு. எழுதிய புண்ணியவான் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கேட்டபிறகும் அப்படித்தான் எழுதுவீர்கள் என்றால் எழுதுங்கள், அது உங்கள் பாடு.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கான சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டிசைன் பார்த்தேன். டிசைன் என்றால் டிசைன் மட்டும் இல்லை. கம்ப்ரஸர் நின்றாலும் 'மேடத்தைக் கூப்பிடு', டாய்லெட்டில் தண்ணீர் வராவிட்டாலும் 'மேடத்தைக் கூப்பிடு'. அப்படி ஒரு கம்பெனி.

போர்டு செய்வதில் ஒரு கட்டம் உண்டு. செம்புத் தகட்டின் மேல் (பட்டறையில் அதைத் தட்டு என்போம்) நீல நிற ஃபிலிமை ஒட்டி, அதன் மேல் டிசைன் நெகட்டிவை வைத்து, புற ஊதா வெளிச்சத்தில் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் கழுவினால் போய்விடும். குறைவாகக் காட்டினால் கோடே நிற்காது. கூடுதலாகக் காட்டினால் கோடுகள் தடித்து, பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். தோசைக்கல்லில் பதம் பார்க்கிற வேலைதான். இதற்கு மேல் தொழில்நுட்பம் இந்தக் கதைக்கு வேண்டாம்.

அதுவரைக்கும் எங்களிடம் இருந்தது டியூப்லைட் பெட்டி. பாதி டியூப் மினுக்கும், பாதி டியூப் முனகும். அந்த வருஷத்துக் கரண்ட் கட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புற ஊதா எல்இடிகள் அப்போதுதான் எங்கள் கைக்கு எட்டும்படி வந்திருந்தன. நானே ஒரு பெட்டி செய்தேன். உள்ளே மைக்ரோகண்ட்ரோலர், வெளியே சிவப்பு எண்கள், நேரத்துக்கு ஒரு குமிழ், வெளிச்சத்துக்கு ஒரு குமிழ். பட்டனை அழுத்தினால் எண்கள் இறங்கிக்கொண்டே வந்து, பூஜ்யத்தில் விளக்கு தானாக அணைந்துவிடும்.

அதில் ஒரு சங்கதி உண்டு. எல்இடி சூடேறினால் வெளிச்சம் குறையும். அதனால் மூடியின் உள்பக்கம், நடுவில், தட்டு மறைக்காத இடத்தில், கீழிருந்து வரும் வெளிச்சத்தை அளக்க ஒரு சின்னக் கண் வைத்தேன். வெளிச்சம் குறைந்தால் எண்கள் மெதுவாக இறங்கும், கூடினால் வேகமாக இறங்கும். அதாவது அந்தச் சிவப்பு எண் காட்டியது கடிகார நொடியை அல்ல, போர்டுக்கு இன்னும் எவ்வளவு வெளிச்சம் பாக்கி என்பதை. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இது நம்ம வூட்லயே பொறந்த மெஷினு" என்று காட்டுவார். நல்ல மனுஷர். சத்தம் அதிகம், அவ்வளவுதான். யோசிப்பதற்கு முன்னால் சத்தம் போட்டுவிடுவார், பிறகு யோசித்தாலும் சத்தம் போட்டுத்தான் யோசிப்பார்.

அந்தப் பெட்டியில் வேலை பார்த்தவள் ரத்னம்மா. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். காண்ட்ராக்டில் இருந்தாள். தீபாவளிக்குள் அவளை நிரந்தரம் ஆக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருஷம் அவள் மாமனார் போட்டிருந்த ராகியை யானைகள் மிதித்துத் தீர்த்திருந்தன. வீட்டில் சம்பளம் என்று வருவது இவள் ஒருத்திக்குத்தான்.

ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கியதும் சனியன் பிடித்தது. பெங்களூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போகவேண்டிய போர்டுகள். கழுவி, வேண்டாத செம்பை அரித்து எடுத்துப் பார்த்தால் கோடும் கோடும் ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு தட்டு இல்லை, தட்டுத் தட்டாக. ஃபிலிமை மாற்றினோம். கழுவும் கரைசலை மாற்றினோம். நெகட்டிவைப் புதிதாக எடுத்தோம். ஒரு மாற்றமும் இல்லை. இதற்குள் பெங்களூரிலிருந்து அவர்களுடைய குவாலிட்டி ஆபீசர் கிளம்பி வந்து நின்றுவிட்டார். அன்று சாயந்திரத்துக்குள் நல்ல போர்டு கையில் வராவிட்டால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

முதலாளி பட்டறைக்குள் வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏம்மா, இது ஓவர் எக்ஸ்போஷர்தானே?"

"ஆமா சார்."

"டைமர் தானா நிக்குதில்ல?"

"நிக்குது சார்."

"ஒருவாட்டி அழுத்தினா இப்பிடி ஆவுமா?"

"ஆகாது சார். ஆனா..."

அந்த 'ஆகாது' மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. 'ஆனா' காற்றோடு போயிற்று. ரத்னம்மா பக்கம் திரும்பிவிட்டார்.

"போன்ல பேசிகினே ரெண்டு வாட்டி அழுத்தியிருக்கற! ஒரே தட்டுக்கு ரெண்டு வாட்டி!"

"இல்ல சார். ஒருவாட்டிதான் அழுத்தினேன். என் புள்ளமேல சத்தியமா ஒருவாட்டிதான்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா? மேடம் சொன்னது கேட்டுச்சில்ல?"

பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி "நீ வூட்டுக்குப் போ. நாளையிலேர்ந்து வரவேணாம்" என்று முடித்துவிட்டார். ரத்னம்மா அழவில்லை. கையுறையைக் கழற்றி, மடித்து, பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் செய்த பெட்டியே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. பூஜ்யத்தில் நிற்கும் மெஷின் தப்புச் செய்யாது, ஆகவே தப்பு கையில்தான் என்று எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள். ஆபரேட்டர் தவறு என்பதில் இருக்கும் சுகமே அதுதான் பிள்ளைகளா. அதற்குப் பிறகு யாரும் எதையும் தேட வேண்டியதில்லை.

"போர்டு யாரு எடுக்கறது இப்போ?" என்றார் முதலாளி.

"நான் எடுக்கறேன்" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான்.

பெங்களூர்க்காரரைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, ரத்னம்மா வைக்கும் அதே இடத்தில் குமிழ்களை வைத்து, தட்டைப் பொருத்தி, மூடியைச் சாத்தி, பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தினேன். "பார்த்துக்கோங்க, ஒருவாட்டி" என்று அவரிடமும் சொன்னேன். கழுவி எடுத்தால், அதே கண்றாவி. கோடும் கோடும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

"ஈவாக நீவு எஷ்டு சாரி ஒத்திதிரி மேடம்?" என்று அவர் கன்னடத்தில் கேட்டார். இப்போது நீங்கள் எத்தனை தடவை அழுத்தினீர்கள் என்று கிண்டல். அந்த நிமிஷம் எனக்கு இருந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டாலேயே ஒரு போடு போட்டிருப்பேன்.

ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. ரத்னம்மா பொய் சொல்லவில்லை. இதை முதலாளியிடம் சொன்னேன். "சரி, அப்ப என்னான்னு கண்டுபுடி" என்றார். அவளைத் திரும்பக் கூப்பிடு என்று சொல்லவில்லை.

இன்னொரு தட்டை வைத்து அழுத்தினேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் சிவப்பு எண்ணையே முறைத்துக்கொண்டு நின்றேன். பத்து வந்ததும், ராக்கெட் விடுகிற மாதிரி என் வாயும் கூடவே எண்ண ஆரம்பித்தது. பத்து, ஒன்பது, எட்டு. நான் பூஜ்யம் என்று சொன்னபோது பெட்டி இன்னும் நாலில் நின்றது.

ஆடிப்போனேன். எண்கள் அத்தனை மெதுவாக இறங்குகின்றன. ஏன் மெதுவாக இறங்க வேண்டும்? வெளிச்சம் குறைந்துவிட்டது என்று அந்தக் கண் நினைக்கிறது. வெளிச்சம் குறையவே இல்லையே, போர்டு கருகிப்போகும் அளவுக்குக் கொட்டுகிறதே. அப்படியானால் கண்ணுக்குத்தான் என்னமோ ஆகியிருக்கிறது. மூடியைத் திறந்து நிமிர்த்தினேன்.

மூடியின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச். அதன் நடுவில், கொஞ்சம் மேலே தள்ளி, வட்டமாக வெள்ளையாக அந்தக் கண். பூஜையன்று மெஷின்களை எல்லாம் துடைத்துத் திறந்து வைத்திருந்தார்கள் இல்லையா, அப்போது இந்த மூடியும் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றிருக்கிறது. அந்த வெள்ளை வட்டத்தில், அளந்து வைத்த மாதிரி, கட்டை விரலால் அழுத்தி வைத்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

நாங்கள் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் எல்லாரும் பார்த்தோம். டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு இருக்கிறது, கம்ப்ரஸருக்குப் பொட்டு இருக்கிறது, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் வாசலில் நிற்கும் டெம்போவுக்கும் இருக்கிறது. இதற்கும் இருக்கிறது. பொட்டு இல்லாமல் இருந்திருந்தால்தான் எங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

நீங்கள் கேட்பீர்கள், வெளிச்சம் அவ்வளவு குறைந்தால் அலாரம் அடிக்க வேண்டாமா மேடம் என்று. பாதிக்குக் கீழே போனால் அடிக்கும். அந்தச் சந்தனம் பாதிக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. வைத்தவர் கைராசி அப்படி.

பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டு, பக்கத்தில் நின்ற மெயின்டனன்ஸ் நஞ்சப்பாவிடம் நீட்டினேன். "தொடச்சிடு" என்றேன்.

அவன் வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "பேடா மேடம். பூஜெ பண்ணி வெச்ச பொட்டு. தானா உதிர்ந்தா சரி, நாம அழிக்கப் பேடா."

"அடுத்து யாரு?" என்றேன். ஒருத்தர் மேலே பார்த்தார், ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். பஞ்சும் கையுமாக நான் நிற்பதைப் பார்த்ததும், "அய்யய்யோ, தொடைக்காதம்மா! அது நான் வெச்சது! நம்ம வூட்ல பொறந்த மெஷினாச்சேன்னு மொதப் பொட்டு அதுக்குத்தான் வெச்சேன்!" என்று குதித்தார்.

அவர் சொன்னது என்னவென்று அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

நானே துடைத்திருக்கலாமே என்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கை போகவில்லை. என் பகுத்தறிவை எல்லாம் அந்தப் பஞ்சிலேயே பிழிந்துவிட்டேன் போல. கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? ஒரு துடைப்பில் முடிய வேண்டிய வேலைக்கு, ஸ்பாஞ்சில் இரண்டு விரல் தள்ளி இன்னொரு ஓட்டை போட்டு, ஒயரை வெட்டி ஒட்டி, கண்ணைப் பின்பக்கமாகக் கழற்றி உள்ளே இருந்த சென்ஸார் சில்லை மட்டும் புது ஓட்டைக்கு மாற்றி, முகப்புக்குப் புது வெள்ளை வட்டம் வைத்தோம். பழைய வட்டம் பொட்டோடு அங்கேயே நின்றது. தலையில் அடித்துக்கொண்டுதான் செய்தேன். அடுத்த தட்டு கண்ணாடி மாதிரி வந்தது. சாயந்திரத்துக்குள் பெங்களூர்க்காரர் கையில் நல்ல போர்டு.

அதனால்தான் சொல்கிறேன், நம் ஊருக்கு மெஷின் செய்தால் பொட்டு வைக்க ஒரு இடம் விட்டுச் செய்யுங்கள். எதிரே நின்று பார்க்கிறவனுக்கு நெற்றி மாதிரித் தெரிகிற இடம் எது என்று பார்த்து, அங்கே ஒன்றும் வைக்காதீர்கள். எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சிரிப்பதற்காகத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். முதலாளி அறைக்குள் போனோம். பெங்களூர்க்காரர் தன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "மூல காரணம் என்ன எழுதறது?" என்று கேட்டார். முதலாளி என் காதோரம் குனிந்தார்.

"ஆபரேட்டர் தப்புன்னே போட்டுடலாம்மா. டிரெயினிங் குடுத்துட்டோம்னு ஒரு வரி எழுதினா கேஸ் முடிஞ்சிது. இவங்களுக்கும் அது போதும்."

"அப்ப ரத்னம்மா?"

"அவள அப்புறமாப் பாத்துக்கலாம்."

எனக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது. சத்தமாகவே சொன்னேன். "சார், அப்படி எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேணும்னா நாளைக்கு என்னையும் வரவேணாம்னு சொல்லிடுங்க. வெளிச்சம் அளக்கற கண்ணு மேல வெளிப்பொருள் படிஞ்சிருந்தது, அதான் காரணம்."

"சாமிக்கு வெச்ச சந்தனத்தப் போயி வெளிப்பொருள்னு சொல்றதா?" என்று முதலாளி எகிறினார். நடந்ததில் அவருக்கு வலித்தது அது ஒன்றுதான்.

பெங்களூர்க்காரர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு "எங்க லைன்லயும் அப்டித்தான் சார், போன வருஷம் மாலை போட்டுச் சென்ஸாரயே மறைச்சிட்டாங்க" என்றார். நான் சொன்னதையே எழுதிக்கொண்டு போனார்.

தாள் சரியாகிவிட்டது. ஆள்? முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவ வூட்டுக்குப் போயி, நடந்தத மறந்துட்டு வரச் சொல்லும்மா" என்றார். மறுநாள் தேன்கனிக்கோட்டை பஸ் ஏறிப் போனேன். ரத்னம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"என்னாத்த மறக்கச் சொல்றாரு மேடம்? நான் செஞ்சதயா, அவரு சொன்னதயா?"

"நீ ஒண்ணும் செய்யலன்னுதான் எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சே."

"ஒங்களுக்குத் தெரியும். நஞ்சப்பாவுக்குத் தெரியும். நேத்து டிரில்லிங்ல, பேக்கிங்ல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியுமா? அந்தப் பொண்ணுங்க எங்கூடத்தான் பஸ்ல வராங்க. இனி எவ என் பக்கத்துல ஒக்காருவா? வேல போனா வேற வேல பாத்துக்கலாம். போன் பேசிகினு சரக்கக் கெடுத்தவன்னு பேரோட நான் எங்க போயி வேல கேக்கறது?" என்று ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "அவரே வரட்டும்."

நான் போய் அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் முதலாளியிடம் சொன்னேன். மெருகு பூசவில்லை. அவர் கோபப்படுவார் என்று தயாராக நின்றேன். அவர் கார் சாவியை எடுத்தார். வாசல் வரைக்கும் வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ராகு காலம் முடியட்டும்" என்று திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ராகு காலம் முடிந்து போனோம். மாமனார் கட்டிலை இழுத்துப் போட்டார். முதலாளி உட்காரவில்லை. "பொட்டு நான் வெச்சதும்மா. நீ ஒண்ணும் பண்ணல. தப்பா நெனச்சிக்காத" என்றார். அந்தச் சத்தக்காரரிடமிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து நான் கேட்டதே இல்லை.

ரத்னம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். "சரிங்க சார். இதயே நாளைக்கு அங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லாரையும் பட்டறையில் நிற்கவைத்தார். டிரில்லிங், பேக்கிங், ஆபீஸ், வாசல் வாட்ச்மேன் வரைக்கும் நின்றார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார். போர்டு கெட்டதற்குக் காரணம் வேற, மெஷின்ல ஒரு சின்ன இது, ரத்னம்மா மேல தப்பில்ல, எல்லாரும் வேலையப் பாருங்க என்று, தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் முணுமுணுத்து முடித்தார். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

பின்வரிசையிலிருந்து ரத்னம்மாவின் குரல் வந்தது.

"கேக்கல சார்."

எல்லாரும் நின்றுவிட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தி, அன்றைக்கு அவளைத் திட்டிய அதே சத்தத்தில், முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.